கானாங்கெளுத்திப் பெட்டியின் மூச்சு

பெட்டிக்குள் இருந்த கானாங்கெளுத்தி மீன்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. திரையில் இருந்த எண் அப்படித்தான் சொன்னது.

பூசான் துறைமுகத்தை ஒட்டிய அந்த ஆபீசில் ஏழு வருடமாக ஹேரானுக்கு ஒரே வேலைதான். கடலில் போய்க்கொண்டிருக்கும் குளிர்பெட்டிகளின் வெப்பத்தையும் காற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்காணிப்பது. பறித்த பிறகும் பழம் சாவதில்லை. முலாம்பழம் பெட்டிக்குள் அடைபட்ட பின்னும் மூச்சு விடும், கரியமில வாயு ஏறும், அளவு மிஞ்சினால் சரக்கு குப்பைக்குத்தான் போகும். அதனால் பழப்பெட்டிகளில் அதை அளக்க ஒரு சென்சார் உண்டு. இந்தப் பெட்டி போன நடையில் முலாம்பழம் ஏற்றியது. இந்த முறை மீன் என்று தெரிந்தும் சென்சாரை அணைக்க எவனோ சோம்பல்பட்டிருக்கிறான். அதெல்லாம் சரி. ஆனால் மைனஸ் இருபது டிகிரியில் கல்லாய்க் கிடக்கும் இருபத்தைந்து டன் செத்த மீனுக்கு நடுவே, காலை எட்டு மணிக்கு 0.2 சதவீதம் என்று இருந்த எண் நண்பகலில் 0.6 ஆனது எப்படி? வெளிக்காற்றிலேயே 0.04தானே இருக்கும்?

பன்னிரண்டு அடித்ததும் மின்சாரம் மிச்சம் பிடிக்க வழக்கம்போல் விளக்குகளை அணைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடக் கிளம்பினார்கள். இன்று அவளுக்குக் காவல் முறை. டீம் லீடர் மா குடையைத் தேடிக்கொண்டே அவள் திரையை எட்டிப் பார்த்தார்.

"சென்சாருக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும் ஹேரான். மீன் மூச்சு விடுதுன்னு வெளிய சொல்லி வைக்காத. நம்ம ரெண்டு பேரையும் சேத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க."

அவர் போனதும் ஆபீஸ் அடங்கியது. ஜூலை மழை ஜன்னல் கண்ணாடியில் விடாமல் வழிந்து, நட்ட நடுப்பகலில் அறையைச் சாயங்காலமாக்கியிருந்தது. எங்கோ ஒரு மூலையில் தண்ணீர் எந்திரம் உறுமி நின்று மறுபடி உறுமியது. பிரிக்காமல் வைத்திருந்த கிம்பாப் சோற்றுச் சுருள் பொட்டலத்திலிருந்து எள்ளெண்ணெய் வாசம் வந்தாலும் அவளுக்குப் பசிக்கவில்லை. பழத்துக்குப் போடும் கணக்கை இதற்கும் போட்டுப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஏறுகிறது, பெட்டியில் எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறது, அப்படியானால் மூச்சு விடுவது எவ்வளவு பெரிய பொருள். விடை வந்ததும் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று அழித்து மறுபடி போட்டாள்.

ஒரு ஆள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு ஆள்.

பெட்டிக்குச் சீல் வைத்து ஒன்பது நாள் ஆகிறது. அந்தக் குளிரில் ஒருவன் ஒரு ராத்திரி தாங்கமாட்டான். பெட்டியை ஏற்றிய கப்பல் கானாவுக்குப் போகிறது. அதில் குளிர்பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன் அவளுடைய தம்பி கிதே. அம்மா போன பிறகு பத்து வயதிலிருந்து அவள் வளர்த்த பிள்ளை. வேண்டாம் என்றவனை வற்புறுத்திக் கப்பல் வேலையில் சேர்த்ததும் அவள்தான். அவனுக்கு ஒன்று என்றால் அவளுக்கு வேறு யாரும் இல்லை. கப்பலின் சாட்டிலைட் இணைப்பில் அவனைப் போனில் பிடித்து எண்ணைச் சொன்னாள்.

"என்னக்கா, மீன் எந்திரிச்சு உக்காந்துருச்சா?"

"விளையாடாத கிதே. அந்தப் பெட்டிய வெளிய இருந்து மட்டும் பாத்துச் சொல்லு. கதவுப் பக்கம் போகாத."

"உத்தரவு மகாராணி. நாப்பது வயசு வரைக்கும் கம்ப்யூட்டரயே கட்டிக்கிட்டு அழுதா இப்படித்தான். மீனெல்லாம் மூச்சு விடும், நண்டெல்லாம் பாட்டுப் பாடும்."

அவன் கிண்டல் அவளுக்குத் தெம்பாக இருந்தது. போனை வைக்காமலே நடந்தான். இரும்புத் தளத்தில் பூட்ஸ் சத்தம், கடற்காற்று, வரிசையாக அடுக்கியிருந்த பெட்டிகளின் மின்விசிறிகள் சேர்ந்து எழுப்பும் இரைச்சல்.

"சீல் அப்படியே இருக்கு. மெஷின் நல்லா ஓடுது. காத வச்சுப் பாத்தேன், ஒண்ணும் கேக்கல." பூட்ஸ் சத்தம் மெஷின் பக்கம் நகர்ந்தது. "காத்துத் துளைய லேசாத் திறந்து பாக்கறேன்."

மெஷின் பக்கம் உள்ளங்கை அகலத்தில் இருக்கும் ஓட்டை அது. மீன் ஏற்றினால் திறப்பதே இல்லை.

"வேண்டாம்டா."

மூடி கிறீச்சிட்டது. பிறகு மின்விசிறிகள் மட்டும்.

"அக்கா." குரலில் இப்போது கிண்டல் இல்லை.

"சொல்லுடா."

"சூடா வருதுக்கா. உள்ள இருந்து காத்து சூடா வருது. விட்டு விட்டு வருது." அவன் முகர்ந்து பார்ப்பது கேட்டது. "தூங்கி எந்திரிச்சவன் வாய் நாத்தம் அடிக்குது."

"மூடு! மூடிட்டு ஓடி வா!"

இணைப்பு அறுந்தது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மணி போகவில்லை. திரையில் எண் 0.04க்கு இறங்கியது. துளையைத் திறந்ததால் வெளிக்காற்று புகுந்திருக்கும். எட்டு நிமிடம் கழித்துப் போன் அடித்தது.

"ஒண்ணுமில்லக்கா. மூடிட்டேன். சென்சார் கோளாறுதான்."

"பாவி! உயிரே போயிருச்சுடா எனக்கு!" அழுகையும் சிரிப்புமாக வந்தது. கிம்பாப் பொட்டலத்தைக்கூடப் பிரித்துவிட்டாள்.

"பயப்படாதக்கா."

அப்போதுதான் கேட்டது. ஒவ்வொரு வார்த்தைக்கும் பிறகு அவன் மூச்சை இழுத்தான். ஓடி வந்தவன் இழுப்பு அல்ல. நிதானமாக. அடிவயிறு வரைக்கும். கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்திருந்து, மனமில்லாமல் வெளியே விட்டான்.

"வெளிய காத்து ரொம்ப நல்லா இருக்குக்கா."

அவள் திரையைப் பார்த்தாள். 0.06.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே 0.07.

காலையில் ஏறியதைவிட ஐந்து மடங்கு வேகம். இந்த முறை அவளுக்குப் பேனா தேவைப்படவில்லை. ஒரு ஆள். உட்கார்ந்திருக்கவில்லை. முட்டுகிறான். மோதுகிறான். கத்துகிறான்.

"கிதே, நீ எங்க இருக்க?"

"வெளியதான் இருக்கேன்."

அவள் போனை மேசையில் போட்டாள். ஆபீஸ் போனில் கப்பலைச் செலுத்தும் அறையை அழைத்தாள். இரண்டாம் அதிகாரி எடுத்தார்.

"உங்க தம்பியா? இதோ இப்பதான் உள்ள வந்து என் முன்னாடி நிக்கிறான். ஜன்னலத் திறந்து வச்சுக்கிட்டு வாயப் பொளந்து காத்து வாங்கிட்டிருக்கான், பைத்தியக்காரப் பய."

"அது அவன் இல்ல சார்! பெட்டியத் திறங்க! உள்ள ஆள் இருக்கு!"

"மேடம், அந்தச் சீல் இன்னும் உடையல. உடைச்சா சரக்குக்காரன் எங்க தோல உரிச்சிருவான். கொஞ்சம் படுத்து ஓய்வெடுங்க."

வைத்துவிட்டார்.

0.11.

அவளால் இங்கிருந்து ஒன்று மட்டும் செய்ய முடியும். வேலை போகும். போகட்டும். மைனஸ் இருபது என்று இருந்த கட்டளையை அழித்தாள். பிளஸ் பதினைந்து என்று போட்டாள். அனுப்பினாள்.

ஏற்றுக்கொண்டது.

மைனஸ் பத்தொன்பது. மைனஸ் பதினெட்டு.

"தாங்குடா. என் கண்ணு, இன்னும் கொஞ்சம் தாங்கு."

மைனஸ் பதினாறு. மைனஸ் பதினாறு. மைனஸ் பதினெட்டு.

கட்டளை மாறியிருந்தது. யாரோ பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கையால் மாற்றியிருக்கிறார்கள். அந்தக் கப்பலில் அந்த வேலை ஒருவனுக்குத்தான்.

மேசை மேல் போன் அதிர்ந்தது. எடுக்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன்க்கா மாத்துன?" மூச்சு. "மீனு கெட்டுப்போயிரும்ல." மூச்சு. "நான் சரி பண்ணிட்டேன்."

"என் தம்பிய விட்ரு," என்றாள். "உன்னக் கும்பிடறேன். விட்ரு."

தம்பியின் தொண்டைக்குள் காற்று போய்ப் போய் வந்தது.

மணி ஒன்று. விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. நனைந்த குடைகளோடும் காபிக் கோப்பைகளோடும் ஆபீஸ் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தது.

"என்ன ஹேரான்," என்றார் மா, "உன் மீன் இன்னும் மூச்சு விடுதா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எண்ணின் ஓட்டம் குறைந்துகொண்டே வந்தது. கத்தும் ஆளின் அளவிலிருந்து முனகும் ஆளின் அளவுக்கு, பிறகு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளின் அளவுக்கு. அடுத்து நின்றுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். நின்றால்கூடப் போதும் என்று இருந்தது.

நிற்கவில்லை. மைனஸ் இருபது டிகிரி, சீல் உடையவில்லை, கரை சேர இன்னும் பத்தொன்பது நாள். எண் ஏறிக்கொண்டே இருந்தது.