ஒற்றைப் பச்சைச் செருப்பு

அவள் குறி தப்பியதே கிடையாது. அன்றைக்குத் தப்பியது.

கரப்பான் வாசற்படியில் ஏறி நின்று மீசையை ஆட்டிக் காட்டியது. காலில் கிடந்த செருப்பைக் கழற்றி ஓங்கி வீசினாள்... அந்த நேரம் பார்த்து ஒருவன் வாசலைக் கடந்தான். செருப்பு அவன் கையிலிருந்த பெயின்ட் வாளிக்குள் தொபுக்கென்று விழுந்தது.

பச்சை தெறித்தது. அவன் சட்டையில், கன்னத்தில், படியில்... கரப்பானின் முதுகிலும் ஒரு சொட்டு. பொட்டு வைத்த புதுப்பெண் மாதிரி அது குடுகுடுவென்று பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டது.

அவன் நிமிர்ந்தான். இமையில் ஒரு பச்சைத் துளி. அதற்குக் கீழே இருந்தவை திட்டப் போகிற கண்கள் இல்லை... சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற கண்கள்.

“நீங்க குறி பாத்தது அதையா, என்னையா?”

“உங்களைன்னா ரெண்டு செருப்பும் வந்திருக்கும்.”

அவளுக்குத் தெருவில் ‘ஊசி’ என்று பேர் சும்மா வரவில்லை. தையல் வேலை செய்கிறவள். ஊசியைவிட நாக்கு கூர்மை என்பார்கள்.

அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெயின்டர் அவன் என்று அம்மா விசாரித்து வைத்திருந்தாள். சாயங்காலம் செருப்பைத் தேய்த்துக் கழுவி எடுத்து வந்தான். பச்சை போகவில்லை. இன்னொன்றுக்கும் இதே பச்சையை அடித்துத் தருகிறேன், ஜோடி சேர்ந்துவிடும் என்றான். ஒன்றும் வேண்டாம் என்று வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். மறுநாளிலிருந்து ஒரு கால் பச்சை, ஒரு கால் பழுப்பு. தெரு சிரித்தது. சிரிக்கட்டும்... அவள் கவலை வேறு.

துணிக்கடைக்காரம்மா தைக்கக் கொடுக்கிற துணியில்தான் அவளும், முட்டிவலிக்கார அம்மாவும் பிழைக்கிறார்கள். போன தடவை தைத்துக் கொடுத்த கல்யாணச் சட்டையின் மடிப்பில் பழுப்புக் கறை. பையை உதறியதும் ஒரு கரப்பான் ஓடியது. கடையில் அத்தனை பேர் நிற்கும்போதே கடைக்காரம்மா கேட்டுவிட்டாள், வீட்டைச் சுத்தமாக வைக்கத் தெரியாதா என்று. நின்றவர்கள் சிரித்தார்கள். இனி ஒரு கறை வந்தால் துணி கிடையாது என்று சொல்லித்தான் இந்தத் தடவை வெள்ளைத் துணிக் கட்டைத் தந்திருந்தாள். ஒரு கல்யாணக் கூட்டத்துக்கே உடுப்பு. அதுவும் வெள்ளை...

ஒன்று இந்த வீட்டில் நான், இல்லை அது. அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மருந்து அடித்தாள். கரப்பான்கள் ஓட்டம் பிடித்தன. விடிந்து பார்த்தால் பழைய கூட்டம் அப்படியே திரும்பியிருக்கும். கரப்பான் சாகிறதோ இல்லையோ, இந்த நாற்றத்தில் நான் போய்விடுவேன் என்று அம்மா முணுமுணுத்தாள்.

ஒருநாள் காலை தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது பெயின்டர் பக்கத்தில் வந்து நின்றான். தலைமுடியில் சுண்ணாம்புத் தூள். விளையாட்டாகத்தான் சொன்னான்.

“உங்க வீட்டு விருந்தாளிங்க எல்லாம் எங்க வீட்லதான் இருக்காங்க. பச்சைப் பொட்டுக்காரி கூட வந்திருக்கா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்குக் கடையில் கேட்ட சிரிப்பு மாதிரியே இருந்தது அது. எங்க வீடு குப்பைன்னு ஊருக்கே சொல்றானா... குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனவள்தான். அதன்பிறகு அவன் இருக்கிற திசைக்கே முகம் கொடுக்கவில்லை. அவன் இரண்டு தடவை வாசலில் நின்று தொண்டையைச் செருமிப் பார்த்தான். தையல் இயந்திரத்தை வேகமாக மிதித்தாள்.

கண்ணை மட்டும் அடக்க முடியவில்லை. மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட அவன் வேலையிலிருந்து திரும்புகிற நேரத்துக்கு அது தானாக வாசலுக்குப் போனது... திருட்டுக் கண்.

மழை வலுத்த ஒரு மத்தியானம். வெள்ளைத் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் ஏதோ அசைந்தது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த டம்ளரைக் கவிழ்த்து அமுக்கினாள். உள்ளே... முதுகில் பச்சைப் பொட்டு.

ஓடினவள் திரும்பி வந்திருக்கிறாள். அப்படியென்றால்?

டம்ளரை ஒரு தட்டோடு சேர்த்துப் பிடித்து, மழையில் நனைந்தபடி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். மழையால் வேலைக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தான்.

“உங்க விருந்தாளி. கூட்டிட்டுப் போங்க.”

அவன் உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்து வந்தான். அதற்குள் இன்னொரு கரப்பான். காலில் சிவப்பு நூல் சிக்கியிருந்தது. அவள் வீட்டுத் தையல் நூல். விடியற்காலை வேலைக்குக் கிளம்புமுன் மருந்து அடிப்பேன், ராத்திரிக்குள் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்றான். அவள் சாயங்காலம் அடிப்பதைச் சொன்னாள். இருவரும் ஒரே நேரத்தில் நடுச்சுவரைப் பார்த்தார்கள். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கடியில் கழிவுக்குழாய் போகிற இடத்தில் கை நுழைகிற ஓட்டை.

“ஓ... நீங்க விரட்டினா அதுக்குப் புகுந்த வீடு. நான் விரட்டினா பொறந்த வீடு,” என்றான். “நாமதான் மாத்தி மாத்தி அனுப்பியிருக்கோம்.”

அவள் சிரித்துவிட்டாள். அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்த சிரிப்பு. அவன் பாட்டிலை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்குக் குழாயடியில் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னான்.

சிரிப்பு ஓய்ந்ததும் அவள் வேலையைப் பிரித்தாள். இரண்டு வீட்டிலும் ஒரே நாள், ஒரே நேரம். அட்டைப் பெட்டியெல்லாம் வெளியே. தொட்டியில் ஈரம் தங்கக் கூடாது. போரிக் பவுடரைச் சர்க்கரையும் மாவும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, இண்டு இடுக்கில் வைக்க வேண்டும். முட்டைக்கூடு பொரிந்து குஞ்சு வரும், அதனால் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். அவன் தலையாட்டினான். சண்டைக்குத் தளபதி கிடைத்த மாதிரி.

வெள்ளைத் துணியை மூடி போட்ட தகரப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு தைத்தாள். சாயங்காலம் ஆனால் அவள் தொட்டிக்கு இந்தப் பக்கம் குனிந்து உருண்டை வைப்பாள். அவன் அந்தப் பக்கம். ஓட்டை வழியாகப் பேச்சு வரும். இன்று எந்த வீட்டுச் சுவர், என்ன நிறம், எங்கே ஏணி வழுக்கியது... அவள் தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களைச் சொன்னாள். எல்லோருக்கும் அவள் வேண்டும், அம்மா வேண்டாம். அதனால் யாருமே வேண்டாம் என்றுவிட்டாள்.

உடுப்புகள் கடைக்குப் போயின. கடைக்காரம்மா ஒவ்வொரு மடிப்பையும் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடுத்த துணிக் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் அவன் சிமென்ட் குழைத்தான். கரப்பான் நடமாட்டம் நின்றிருந்தது. இனி ஓட்டையை அடைக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பக்கம் கரண்டி சுரண்டுகிற சத்தம் கேட்டது... நின்றது.

“அடைச்சிடட்டுமா?” குரல் தயங்கியது. “அடைச்சிட்டா... பேச்சு கேக்காது.”

அவளுக்கும் அந்தப் பேச்சு வேண்டும். ஆனால் துணி கெட்டால் பிழைப்பு கெடும். இதில் மாற்றமில்லை.

“அடைங்க. ஓட்டை வழியா வந்துபோக நாம என்ன கரப்பானா? சொல்ல வேண்டியது இருந்தா வாசல் வழியா வந்து சொல்லுங்க.”

வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஓட்டை மூடிக்கொண்டது.

வாசலில் மழை தூறியது. அவன் வந்து நின்றான். கையெல்லாம் சிமென்ட். சொல்ல வந்ததை எங்கேயோ தொலைத்தவன் போலத் தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்... அதே கண்கள். இன்றைக்கு அதில் விளையாட்டு இல்லை.

“உங்களைப் பிடிச்சிருக்கு. செருப்பு விழுந்த அன்னைக்கே. அம்மாவை விட்டுட்டு வர வேணாம். சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் வீடு. அவங்க இருமினா எனக்கே கேக்குது.”

உள்ளேயிருந்து அம்மா வேண்டுமென்றே ஒரு இருமல் இருமினாள்.

ஊசி குத்தவில்லை. முதல் தடவையாக. குனிந்து, இடது காலிலிருந்த பழுப்புச் செருப்பைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

“இதுக்கும் பச்சை அடிங்க... ஜோடி சேரட்டும்.”

அவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். மழை ஈரம், காய நேரமாகும் என்றான்.

“ஆகட்டும்,” என்றாள், வெறுங்காலை மற்றதன்மேல் வைத்தபடி. “நான் போகவேண்டிய தூரம் ஒரு சுவர்தானே.”