சிவப்பு டப்பா, நீல டப்பா

வால்ட்டர் ப்ரெக்கே அப்போதுதான் பூட்ஸைக் கழற்றி, வீங்கிய கால்களை மேசைக்கு அடியில் நீட்டியிருந்தார். முப்பத்தொரு வருஷமாக மொன்டானா மாடுகளின் பின்னால் அலைந்த கால்கள் அவை. கால்நடை ஆய்வாளர் என்று பலகையில் எழுதியிருந்தாலும், மாட்டைவிட மனிதர்களின் பொய்தான் அவரை அதிகம் களைக்க வைத்திருந்தது.

தொப்பியைக் கையில் பிடித்தபடி எம்மெட் ஹாகன் உள்ளே வந்தான்.

"கைசர் பண்ணையில செத்துக் கிடந்த காளையை நான் சுடலை, ப்ரெக்கே."

"முதல்ல உக்காரு."

கால்நடை மருத்துவர் லோர்னா ஃபிட்ச் அங்கேதான் இருந்தாள். செத்த காளையைப் பார்த்தவளும் அவள்தான். துப்பு என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "காளைக்குப் பக்கத்துல உங்க தோட்டாக்கூடு கிடந்துச்சே?" என்றாள்.

அதுதான் சிக்கல். ஹாகனிடம் இருந்தது, அவன் தம்பி ஒகினாவா போரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் துப்பாக்கி. அதற்குத் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காது. ஊரில் எல்லாரும் வேட்டைக்கு வைத்திருக்கும் சாதாரணத் துப்பாக்கி சுட்டபின் உதிர்க்கும் காலிப் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, அச்சில் அழுத்தி, வாயை வெட்டி, ஹாகன் தானே செய்துகொள்வான். கிடந்த கூட்டின் அடியில் சாதாரணத் துப்பாக்கியின் முத்திரை. உருவம் ஜப்பான் துப்பாக்கிக்கானது. மாவட்டத்திலேயே அப்படிப்பட்ட கூடு இவன் ஒருவனிடம்தான் உண்டு.

"இன்னைக்கு மூணு மணிக்கு மேய்ச்சல் சங்கக் கூட்டம். என் மலை மேய்ச்சலைப் பிடுங்கப் போறாங்க. அது போச்சுன்னா கோடைக்கு மாடுங்களை எங்க ஓட்டுவேன்? எல்லாத்தையும் வித்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

ப்ரெக்கே பெருமூச்சு விட்டுப் பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டார். போகும் வழியில் ஷெரீஃபிடம் அந்தக் கூட்டைக் கேட்டு வாங்கி, விரலால் அடிமுதல் வாய்வரை தடவிப் பார்த்தார். அடியில், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான கேப்பில், துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம் இருந்தது. வாய் பளபளவென்று இருந்தது.

ஹாகனின் கொட்டகையில் மேசைமேல் ஒரு சிவப்பு டப்பாவும் ஒரு நீல டப்பாவும் இருந்தன.

"சிவப்புல என் துப்பாக்கில வெடிச்சது. நீலத்துல இப்பதான் அச்சுல அழுத்தி வெச்சது, இன்னும் மருந்து போடலை," என்றான் ஹாகன்.

லோர்னா இரண்டிலும் ஒன்றை எடுத்தாள். "ரெண்டுலயும் கேப்புல பள்ளம் இருக்கே?"

"நீலத்துல இருக்கிறது முன்னாடி வெடிச்ச சாதாரணத் துப்பாக்கி குத்தினது, டாக்டரம்மா. அந்தக் கேப்பைக் கடைசியிலதான் தட்டி எடுப்பேன்."

"சிவப்புல இருக்கிறது அடிப்பக்கம் உப்பியிருக்கே?"

"ஜப்பான்காரன் துப்பாக்கிக்கு வயிறு கொஞ்சம் தாராளம். ஒரு தடவை அதுல வெடிச்சாலே கூடு தொப்பை போட்டுடும்."

ப்ரெக்கே ஸ்டூலில் உட்கார்ந்தார். "காளை செத்தது செவ்வாய்க்கிழமை. அதுக்கு முன்னாடி இங்க யார் வந்தா?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேர். காலையில இங்வால்ட் மோ வந்தான். அவனும் என்னை மாதிரி தோட்டா செய்யறவன். மத்தியானம் பக்கத்துப் பண்ணை டெல் க்ரௌலி, சங்கிலி இரவல் கேட்டு வந்தான். நான் காப்பி போட உள்ளே போனேன். வெளிய வந்தா ஆளைக் காணோம்."

"க்ரௌலி தோட்டா செய்வானா?"

"அவனா? கடையில வாங்கிச் சுடறவன்."

மூன்று மணிக்குச் சங்க மண்டபத்தில் ப்ரெக்கே, க்ரௌலியை வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, இரண்டு டப்பாக்களையும் மேசைமேல் வைத்தார். "மோ, ஹாகன் துப்பாக்கில வெடிச்ச கூடு ஒண்ணு எடு."

மோ நீலத்திலிருந்து ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தான், திரும்பப் போட்டான். சிவப்பிலிருந்து எடுத்ததை ப்ரெக்கேயிடம் நீட்டினான். "அடி உப்பியிருக்கு பாருங்க."

"அதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாதவன் எதை எடுப்பான்? க்ரௌலி, நீ உள்ளே வா. ஹாகன் துப்பாக்கில வெடிச்சது ஒண்ணு எடு."

க்ரௌலி தயங்கித் தயங்கி வந்தான். நீல டப்பாதான் கைக்கு அருகில் இருந்தது. "இதுதான். பின்னாடி பள்ளம் இருக்கே."

லோர்னாவால் பொறுக்க முடியவில்லை. "காளைக்குப் பக்கத்துல கிடந்ததும் இந்த மாதிரிதான்! தொப்பையே இல்லை!"

"வெட்டின வாய் கறுக்கக்கூட இல்லை," என்றார் ப்ரெக்கே, கண்ணைத் தேய்த்துக்கொண்டே. "அந்தக் கூடு ஜப்பான் துப்பாக்கி வாசனையே பார்த்ததில்லை. ஞாயித்துக்கிழமை அந்த மேசை பக்கத்துல நின்னது ரெண்டு பேர். மோ பழிபோட நினைச்சிருந்தா சிவப்புல எடுத்திருப்பான். தொழில் தெரியாதவன்தான் பள்ளத்தை மட்டும் பார்த்து நீலத்துல எடுத்தான். எம்மெட்டோட மேய்ச்சல் யாருக்கு வேணும் டெல், சொல்லு?"

"இதெல்லாம் ஒரு சாட்சியா?" என்றான் க்ரௌலி. அவன் பண்ணை ஓடை வற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஹாகன் எழுந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, அயர்ச்சிதான் இருந்தது. "அன்னைக்கு உனக்குத்தான் காப்பி போட்டேன் டெல். உன் மாடுங்க எலும்பும் தோலுமா நிக்கறதை நானும் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன். மலையில பாதியை நீ மேய்ச்சுக்கோன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

க்ரௌலி கையிலிருந்த கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் காளையைச் சுடறதுக்கு முன்னாடி இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான் கடைசியில்.

"ரெண்டு கோப்பையோட வெளிய வந்தேன்," என்றான் ஹாகன். "நீதான் இல்லை."