சாமிக்கு முன்னால் சாப்பிட்டவள்

"வாயில இருக்கிறதை முழுங்கிட்டுச் சொல்லுங்க... யாரு நீங்க?"

அவளால் எப்படிச் சொல்ல முடியும்? வாய் நிறையப் பருப்புச் சோறு. கையில் கரண்டி. எதிரே தோளில் துண்டும் முகத்தில் கோபமுமாக ஒருவன். அந்த நேரத்திலும் அவன் கண்கள் எவ்வளவு பெரியவை என்று அவள் மனம் கவனித்துத் தொலைத்தது. நேரங்காலம் தெரியாத மனசு...

வெளியே மழை. காலையிலிருந்து சத்தமே இல்லாமல், விடாமல் பெய்கிற மழை.

அவள் பொட்டலம் கட்டும் இயந்திரங்களைப் பொருத்திக் கொடுக்கும் பொறியாளர். கம்பெனி கை காட்டும் நாட்டுக்கெல்லாம் போவாள். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் பெட்டியைக் கட்டுவாள். இந்த வெளிநாட்டு ஊரில் அவளுக்கு வாய்த்தது, ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர் தெரிகிற ஓர் அறை. ரொட்டி, அவித்த முட்டை, மறுபடியும் ரொட்டி. வயிறு நிறைந்தது. சாப்பிட்ட மாதிரிதான் இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை. முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தவளைத் தாளிக்கிற வாசனை நிறுத்தியது. கார் பழுது பார்க்கும் கடைக்குப் பின்னால் ஒரு கூடம். பின்கதவு திறந்திருந்தது, அடுப்படியில் ஆளில்லை, பாத்திரத்திலிருந்து ஆவி பறந்தது. கால் தானாக உள்ளே போனது. கரண்டி தானாகக் கைக்கு வந்தது. அதற்கப்புறம் நடந்ததற்கு அவள் பொறுப்பில்லை.

"சாமிக்கு இன்னும் படைக்கலைங்க," என்றான் அவன்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப்பக்கம் பாட்டுச் சத்தம் அவள் காதில் விழுந்தது. நம்மூர் ஆட்கள் வாடகைக் கூடத்தில் படம் மாட்டி விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள்... வீட்டில் படைக்கும் முன் ஒரு முந்திரியைத் தொட்டால்கூட அம்மா கையில் ஒன்று போடுவாள். இங்கே பாத்திரத்தையே எச்சில் பண்ணியாயிற்று.

"நான்... ஓட்டல்னு நினைச்சுட்டேன்."

"ஓட்டல்லயும் நேரா அடுப்படிக்குப் போய்தான் அள்ளிச் சாப்பிடுவீங்களா?"

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அது அழுகைகூட இல்லை, அலுப்பு. அவன் அதைப் பார்த்துவிட்டான். ஒரு தட்டை எடுத்து வைத்து ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"சரி... இது இனி சாமிக்கு ஆகாது. நீங்களாவது உட்கார்ந்து சாப்பிடுங்க. நான் வேற ஆக்கிக்கிறேன்."

சாப்பிட்டாள். பாதித் தட்டு காலியானதும் நிமிர்ந்தாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே..."

"இனிமே கோவிச்சு என்ன ஆகப்போகுது?"

"உப்பே இல்லைங்க."

அவன் முகம் வாடிவிட்டது. "இங்க சமைக்கிறவன் வாயில வச்சுப் பார்க்கக் கூடாது. எல்லாம் கைக்கணக்குதான். ஆனா இத்தனை நாளா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே..."

"பிரசாதத்தை யாருங்க குறை சொல்லுவா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் அந்தப் பெரிய கண்கள் பாதி மூடிக்கொள்ளுமாம்... ஐயோ, இது வேறா என்று அவள் அவசரமாகத் தட்டைப் பார்த்துக் குனிந்தாள்.

அவன் பருப்பைக் கொதிக்க வைத்தான், அவள் அரிசி களைந்தாள். அடுத்த வாரம் இங்கே வேலை முடிகிறது, வேறு நாட்டுக்குப் போகவேண்டும் என்றாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிப்பது தன் வேலை என்றான். அதற்குள் கூடத்தை நடத்துகிற அக்கா எட்டிப் பார்த்தார்.

"பூசை நேரம் தாண்டுதே... இப்பதான் அரிசி களையுறீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "என் தப்புதான்க்கா. மறந்துபோய் ருசி பார்த்துட்டேன்."

அக்கா அவனை முறைத்துவிட்டுப் போனார். அவள் அவனைப் பார்த்தாள், அவன் அடுப்பைப் பார்த்தான்.

பூசையில் கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். விளக்கைப் பார்த்தபடியே தூங்கிப் போனாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கனவில்லாத தூக்கம்... யாரும் எழுப்பவில்லை. விழித்தபோது பக்கத்தில் மூடி வைத்த தட்டில் சோறு இருந்தது.

அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்றிருந்தது. வந்தது. ஆனால் அடுப்படியில் யாரோ ஒரு பெரியவர்! அவன் வாசலில், ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே, வந்தவர்களின் செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வாய் வச்சவங்களுக்கு அடுப்படி கிடையாதும்மா, ஒரு வருஷத்துக்குச் செருப்புதான்," என்றார் அக்கா. "எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. வாரம் பூரா அந்தச் சலவைக்கூடத்து ஆவியில வெந்துட்டு வர்றவன். இங்க நாலு பேருக்கு ஆக்கிப் போட்டாதான் அவன் மனுஷனா இருப்பான்."

அவளுக்குச் சுருக்கென்றது. நேரே வாசலுக்குப் போனாள்.

"உங்களை யாருங்க பழியை ஏத்துக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலை."

"நான் உள்ள போய் உண்மையைச் சொல்லப் போறேன்."

"வேண்டாம். நாளைக்கு ஊரை விட்டுப் போறவங்களுக்கு எதுக்கு வம்பு? எனக்காக யாரும் பரிஞ்சு பேச வேண்டாம்." முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீம்பு.

அவளுக்கும் வீம்பு உண்டு. "நீங்க இங்க நனைஞ்சிட்டு நின்னா எனக்குச் சோறு இறங்காது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பூசை முடிந்து எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் நடுக்கூடத்தில் நின்றாள்.

"அக்கா... போன வாரம் படைக்கிறதுக்கு முன்னாடி சாப்பிட்டது நான். அவர் இல்ல."

அக்கா கரண்டியோடு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா அப்படிப் பண்ணே?"

"பசிக்கா... ரொம்ப நாளாப் பசி."

யாரோ முணுமுணுத்தார்கள். அக்கா கையைக் காட்டி அடக்கினார். "பசின்னு வந்தவளுக்குப் போட்டுட்டுதான் நாம பூசை மணியே அடிச்சிருக்கணும். ஆனா சட்டம் சட்டம்தான். அவனை உள்ள வரச் சொல்லு. செருப்பை நீ பாரு."

"எத்தனை நாளைக்குக்கா?"

"அதான் சொன்னேனே, ஒரு வருஷம்." அக்கா முகத்தில் சிரிப்பில்லை. குரலில் இருந்தது.

அவள் வெளியே வந்தாள். மழை இன்னும் விடவில்லை.

"நீங்க அடுப்படிக்குப் போலாம். செருப்பு எனக்கு வந்துடுச்சு... ஒரு வருஷத்துக்கு."

அவன் புரியாமல் பார்த்தான். "நாளைக்குக் கிளம்பணுமே?"

"மெஷினைப் பார்த்துக்க ஆள் வேணும்னு இங்க தொழிற்சாலையில கேட்டுட்டேதான் இருக்காங்க. நான்தான் பிடிகொடுக்காம இருந்தேன். சரின்னு சொல்லிடப் போறேன். ஊர் ஊரா அலைஞ்சு அலுத்துப் போச்சுங்க." மூச்சு வாங்கியது. "இன்னொண்ணும் சொல்லிடுறேன். உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க ஏன் பழியை ஏத்துக்கிட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவன் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தான். துண்டில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"அக்கா திட்டினா நீங்க திரும்ப வர மாட்டீங்களோன்னு பயம். அதான்..." நிமிர்ந்து பார்த்தான். "இப்ப நான் உள்ள போனா, சாமிக்கு ஆக்க மாட்டேன். உங்களை நினைச்சுதான் ஆக்குவேன். அது சரியில்லையே..."

"அதை நான் சாமிகிட்ட சொல்லிக்கிறேன்," என்றாள் அவள். "நீங்க போங்க. எனக்குப் பசிக்குது."