செண்பகம் நிறுத்திய வரி

செவ்வாயில் சாம்பல் தருவதில்லை. இறந்தவரின் உடல் மூன்றாம் நாள் பசுங்கூடத்து மண்ணாகிவிடும். அந்த மண்ணில் யார் யார் கலந்திருக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. குடும்பத்துக்குக் கிடைப்பது அவர் படித்தது மட்டும்தான்.

ஆறு வயதில் எல்லோருடைய கண்ணிலும் வாசிவில்லை பொருத்தப்படும். அதன்பின் புத்தகம் கையில் இருக்க வேண்டியதில்லை. எழுத்துகள் பார்வைக்குள்ளேயே மிதக்கும். கண் எந்த வரியில் தயங்கியது, எங்கே திரும்பி வந்தது, எந்தச் சொல்லில் மூச்சு நின்றது என்பதை எல்லாம் வில்லை குறித்துக்கொள்ளும். ஒரு வாழ்நாளின் வாசிப்பு எள்ளளவு படிகத்தில் அடங்கிவிடும். அதற்கு வாசிப்புத்தடம் என்று பெயர்.

இறந்தவரின் தடத்தைத் தன் வில்லையில் ஏற்றிக்கொண்டு ஒரு நூலைத் திறந்தால் அவர் வேகத்தில் வரிகள் நகரும். அவர் நின்ற இடத்தில் நிற்கும். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும் என்று அப்படிப் படித்தவர்கள் சொன்னார்கள்.

தொடக்கத்தில் தடங்களுக்காகக் குடும்பங்கள் அடித்துக்கொண்டன. அதனால் குடியேற்ற மன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இறந்தவரின் வாசிப்பை யார் அறிந்திருக்கிறாரோ அவருக்கே தடம். மூன்று கேள்விகள் கேட்கப்படும். இரண்டுக்காவது சரியான பதில் வேண்டும்.

மாசிலாமணி தடப் பதிவகத்துக்கு வந்தது காலை பத்து மணிக்கு. அவர் காற்றுக்குழாய் பழுதுபார்ப்பவர். வாரத்தில் மூன்று நாள் குவிமாடத்துக்கு வெளியே போய்வருவார். அப்படி வெளியே இருந்த ஒரு நாளில்தான் அவர் மனைவி செண்பகம் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனாள். நான்கு நாளாகிறது. வீட்டில் அவள் குரல் இல்லை. செய்திகளும் படங்களும் சட்டப்படி அழிக்கப்பட்டுவிட்டன. தடம் ஒன்றுதான் மிச்சம். துணைக்கு மைத்துனி கோமதி வந்திருந்தாள்.

அலுவலர் ரெஜினா நாற்காலியைக் காட்டினார்.

"பதட்டப்படாதீங்க சார். தெரிஞ்சதைச் சொல்லுங்க. உங்க மனைவிக்கு ரொம்பப் பிடிச்சது எந்த மாதிரிப் புத்தகம்?"

மாசிலாமணி கொஞ்சம் யோசித்தார். "சமையல் புத்தகம்."

மேசையில் சிவப்புப் புள்ளி ஒன்று எரிந்தது.

"சமையலா?" என்றாள் கோமதி. "அத்தான், எங்கக்காவுக்கு ஒரு சாம்பார் ஒழுங்கா வைக்க வராது. இருபத்தெட்டு வருஷம் சாப்பிட்டிருக்கீங்களே!"

"அதான் படிச்சுக் கத்துக்கிறாளோன்னு நினைச்சேன்."

ரெஜினா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். "எப்போ படிப்பாங்க?"

"அவ படிச்சு நான் பார்த்ததே இல்லையேம்மா. நான் வர்றப்ப சும்மாதான் உட்கார்ந்திருப்பா."

இரண்டாவது சிவப்புப் புள்ளி. இனிப் பயனில்லை என்றாலும் விதிப்படி மூன்றாவதையும் கேட்டாக வேண்டும். "கடைசியா எங்க நிறுத்தினாங்க?"

மாசிலாமணி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதிக்கும் உரிமை உண்டு. அவள் தயங்காமல் சொன்னாள்: "காதல் கதை. அக்கா உயிரை விடுவா. சாப்பாட்டுத் தட்டுல கை காயும், எழுந்திருக்க மாட்டா."

"அது பத்தொன்பது வயசு வரைக்கும்மா," என்றார் ரெஜினா மெதுவாக. கோமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இன்னொருத்தரும் உரிமை கேட்டிருக்காங்க சார்."

"யாரு? எங்களுக்கு வேற ஆள் கிடையாதே."

"ஆள் இல்லை. நூலங்காடியோட பரிந்துரைப்பான்."

அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நூலங்காடியிலிருந்து எந்த நேரமும் கண்ணுக்குள் வந்து, 'உங்களுக்கு இது பிடிக்கலாம்' என்று ஒரு தலைப்பை நீட்டும் மென்பொருள். வேண்டாம் என்றால் இமைகளை இரண்டு முறை அழுத்தி மூட வேண்டும். அதற்கு 'அப்புறம்' என்று பொருள். அதன்பின் அந்தத் தலைப்பு வராது.

ரெஜினா அதே கேள்விகளைக் கேட்டார். பரிந்துரைப்பான் சிறு இடைவெளிகூட விடாமல் பேசியது.

"கப்பல் உடைந்து உயிர்தப்பியவர்கள் எழுதிய தன்வரலாறுகள். இருநூற்றுப் பதினோரு நூல்கள் படித்தார். எப்போதும் கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பார். ஒருவராவது வீடு திரும்புகிறார் என்றால்தான் முதல் பக்கத்துக்கு வருவார்."

பச்சைப் புள்ளி எரிந்தது. செவ்வாயில் கடல் இல்லை. செண்பகம் ஒரு அண்டா நிறையத் தண்ணீரைப் பார்த்தவள்கூட இல்லை.

"கணவரின் வெளிப்பணி நாட்களில் மட்டுமே படிப்பார். குவிமாடக் கதவு அவருக்குப் பின்னால் மூடியதும் தொடங்குவார். திறந்ததும் நடுவரியில் நிறுத்திவிடுவார். இப்படி நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு முறை."

பச்சை.

"கடைசி நூலில் நூற்று நாற்பதாம் பக்கம். படகில் பதினேழாம் நாள். 'கரையில் ஒரு விளக்கு' என்ற சொற்களில் நின்றுவிட்டார். அன்று கதவு திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது."

மாசிலாமணிக்கு ஒவ்வொரு மாலையும் நினைவுக்கு வந்தது. அவர் உள்ளே நுழைந்ததும் செண்பகம் நிமிர்ந்து முழுசாக அவரைப் பார்ப்பாள். "இன்னிக்கு ஒண்ணு படிச்சேன், கேளுங்களேன்," என்பாள். அவர் அதற்குள் நாற்காலியில் சாய்ந்து துண்டுக்காட்சிகளை ஓடவிட்டிருப்பார். பன்னிரண்டு நொடிக்கு ஒன்று. பூமியில் ஓர் ஆடு சுவர் ஏறும். யாரோ வழுக்கி விழுவார்கள். "அப்புறம் சொல்லு," என்பார். பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டு, நூலங்காடி வழியாக நூல்களையே அவர் கண்ணுக்கு அனுப்ப ஆரம்பித்தாள்.

"எனக்கு எத்தனை அனுப்பினா?" என்று பரிந்துரைப்பானிடம் கேட்டார்.

"முந்நூற்றுப் பதினாறு."

"நான் ஒண்ணாவது..."

"இல்லை."

படிகம் நூலங்காடியின் பெட்டிக்குள் போனது. அவள் ரசனை இனி முகம் தெரியாத ஆயிரம் பேருக்குப் பரிந்துரைகளாகும்.

"மனசைத் தளரவிடாதீங்க சார்," என்றார் ரெஜினா. "போன வருஷம் இங்க வந்த நூறு தடத்துல தொண்ணூத்தொண்ணு அதுக்குத்தான் போச்சு. எங்கப்பாவோடதும்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா விதியில ஒரு சலுகை இருக்கு. தோத்துப்போன உறவுக்கு நூலங்காடி ஒரே ஒரு நூலைத் தடத்தோட கண்ணுக்கு அனுப்பணும். இன்னிக்குள்ள வந்துடும். வந்ததும் திறந்துடுங்க. ஒரு தடவைதான் வரும்."

"என்ன நூல்?"

"அவங்க பாதியில விட்டது."

மாசிலாமணி நிமிர்ந்தார். மிச்சப் பக்கங்களை அவள் படித்ததில்லை. ஆனால் கடைசி அத்தியாயத்தைப் படித்திருப்பாள். அங்கே அவள் வேகம் இருக்கும். அவள் மூச்சு இருக்கும். இடையில் உள்ளதை அவர் படித்துக்கொண்டே போனால் முடிவில் அவளிடம் போய்ச் சேரலாம்.

கோமதி தன் வீட்டுப் பக்கம் பிரிந்து போனாள். போகும்போது, "அத்தான், படிச்சுட்டு எனக்கும் சொல்லுங்க. அந்த ஆளு கரைக்கு வந்தானான்னு," என்றாள்.

"சொல்றேன்மா. கட்டாயம்."

சுரங்க ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வழியில் பதினொரு நிலையங்கள். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிறவரைப் போல நேராக உட்கார்ந்து பார்வையைக் காலியாக வைத்துக்கொண்டார்.

முதல் நிலையத்தில் ஒரு காலணிக் கடை விளம்பரம் கண்ணுக்குள் வந்தது. இமைகளை இரண்டு முறை அழுத்தினார். பிறகு ஒரு பயறு வகை. அழுத்தினார். இரங்கல் செய்தி எழுதித் தரும் நிறுவனம் ஒன்று. அழுத்தினார். மூன்றாவது நிலையத்துக்கும் நான்காவதுக்கும் இடையில் நூலங்காடியின் நீலக் கோடு தெரிந்தது. 'உங்களுக்கு இது' என்று தொடங்கியது. முப்பது வருடங்களாக அந்த இரண்டு சொற்களுக்கு மேல் அவர் படித்ததில்லை. இமைகள் பழகியபடி தாமாகவே இரண்டு முறை மூடித் திறந்தன.

மூடும்போதுதான் பார்த்தார். கோட்டின் ஓரத்தில் '140' என்று இருந்தது.

"இல்லை," என்றார் உரக்க. எதிரே இருந்தவர் திரும்பவில்லை. அவர் கண்கள் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. மாசிலாமணி கண்களை அகல விரித்தார். விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

'உங்கள் விருப்பத்தை மதிக்கிறோம்,' என்றது பரிந்துரைப்பான். 'இந்த நூல் இனி வராது.'

அது யாரையும் வெறுங்கையோடு விடுவதில்லை. மனிதர்களின் ரசனையை அது தெரிந்துவைத்திருந்தது. மாசிலாமணி துயரத்தில் இருக்கிறார் என்றும் தெரியும், அவருக்கு என்ன பிடிக்கும் என்றும் தெரியும்.

காட்சி தானாக ஓடத் தொடங்கியது. ஓர் ஆடு சுவர் மேல் ஏறியது. நின்று இருபுறமும் பார்த்தது. சறுக்கி விழுந்தது. பன்னிரண்டு நொடி. அடுத்தது ஓடியது.

இறங்க வேண்டிய நிலையம் போய்விட்டது. கன்னம் நனைந்தபடி மாசிலாமணி பார்த்துக்கொண்டிருந்தார்.