உங்க சைடு ஆன்டி

மலேசியாவில், கிள்ளான் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குள் சுகுமாறன் நுழைந்தபோது அவன் மனைவி மிஷெல் குளிக்கப் போயிருந்தாள். கட்டிலருகே ஒரு வயதான பெண்மணி உட்கார்ந்து, அவனுடைய கைக்குழந்தையின் நெஞ்சை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். பூப்போட்ட கவுன். மணிக்கட்டில் சுற்றிய ஜெபமாலை. சந்தேகமே இல்லை, செந்தூலில் இருக்கும் மிஷெல் வீட்டுச் சொந்தம்.

யாரென்று அவன் கேட்கவில்லை. வேறு மதத்தில் பெண் எடுத்தவன், அவள் வீட்டுப் பெரியவரைப் பார்த்து 'நீங்க யாரு' என்று கேட்டுவிட்டால், அந்தப் பேச்சு அடுத்த கிறிஸ்துமஸ் வரை ஓயாது.

"சாப்பிட்டாச்சா ஆன்டி?" என்றான்.

"கத்தி வைக்க வேணாம்பா," என்றார் அவர். "நான் பார்த்துக்கறேன்."

சுகுமாறன் பல்லைக் கடித்துக்கொண்டான். இதோ இன்னொரு நிபுணர். பிள்ளையின் இதயத்தில் ஓட்டை என்று தெரிந்த நாளிலிருந்து இரண்டு குடும்பங்களிலும் இதய மருத்துவர்கள் பெருகிவிட்டார்கள். அவனுடைய அக்கா, பத்துமலைக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு பொறுத்துப் பார்க்கச் சொன்னாள். மிஷெலின் மாமா ரபேல், ஒன்பது நாள் நொவேனா ஜெபம் முடியட்டும் என்றார். நிஜமாகவே படித்துவிட்டு வந்த டாக்டர் திருச்செல்வம் மட்டும், "ஆபரேஷன் செஞ்சாலும் ரிஸ்க், தள்ளிப்போட்டாலும் ரிஸ்க். நீங்கதான் முடிவு பண்ணணும்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஆனால் ஒன்று. நாளெல்லாம் மூச்சிரைக்க அழும் பிள்ளை, ஆன்டி தட்டினால் அழுவதில்லை.

அவர் இருக்கும்போது பழைய ஐஸ்பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு வாடை வரும். ஏர்கான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டான். எல்லாவற்றையும் பற்றிப் புகார் செய்து களைத்திருந்ததால் அதைப் பற்றிச் செய்யவில்லை.

மிஷெல் இல்லாத நேரமெல்லாம் ஆன்டி வந்தார். சுகுமாறனும் டாக்டருக்குப் பதில் சொல்லாமல் இழுத்தடித்தான். பெண்டாட்டி வீட்டுப் பேச்சை மீறிப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? பிள்ளையோ நாளுக்கு நாள் அமைதியாகிக்கொண்டே வந்தான். பால்கூடக் கேட்கவில்லை.

"இப்ப நல்லா தூங்கறான் டாக்டர்," என்றான் சுகுமாறன், கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டர் காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். "தூங்கல சார். அழறதுக்கு சக்தி இல்ல. இனிமே தள்ள முடியாது. இன்னிக்கே சொல்லுங்க."

வார்டு வாசலில், பட்டப்பகலில், மிஷெல் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்க பெரியம்மாவுக்குப் பயந்துதான் சுகு நான் இவ்வளவு நாளா ஆபரேஷன் பத்தி வாயத் திறக்கல."

"எந்தப் பெரியம்மா?"

"நீங்க வேலைக்குப் போனதும் வந்து உக்காந்துக்குவாங்களே. கத்தி வேணாம், கத்தி வேணாம்னு ஒரே பாட்டு."

"அது உன் சைடு ஆன்டி லா."

"நெத்தி நெறைய விபூதி, நூல் சேலை. அவங்க என் சைடா?"

அவன் வார்டுப் பக்கம் கையைக் காட்டினான்.

"கவுன்," என்றான். "பூப்போட்ட கவுன்."

இருவரும் வார்டுக்குள் திரும்பிப் பார்த்தார்கள்.

கட்டிலருகே யாரும் இல்லை.

பிள்ளையின் நெஞ்சில் போர்த்திய துணி மட்டும் உள்ளங்கை அளவுக்கு அமுங்கியது. எழும்பியது. மறுபடி அமுங்கியது.

மூச்சு இல்லை அது.

மூச்சு அவ்வளவு நிதானமாக வருவதில்லை.

ஓடினார்கள். ஐஸ்பெட்டி வாடை முகத்தில் அடித்தது. மிஷெல் பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்த பிறகுதான் அவன் மெல்லிய குரலில் முனக ஆரம்பித்தான்.

"டாக்டர்," என்றான் சுகுமாறன், யாரையும் கேட்காமல். "செஞ்சிடுங்க."

செய்தார்கள். ஓட்டையை அடைத்தாயிற்று, போய்ப் பாருங்கள் என்று டாக்டரே வெளியே வந்து சொன்னார். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே நர்ஸ், மிஸி புஷ்பவல்லி, கையை நீட்டி மறித்தார்.

"கொஞ்சம் இருங்க. ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான்."

"அப்ப இவ போகட்டும் மிஸி. அம்மா."

மிஸி மிஷெலை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா அப்பவே உள்ள போயிட்டாங்களே. கை கழுவி, கவுன் எல்லாம் நான்தான் கட்டிவிட்டேன். அவங்க வந்ததும் நீங்க போங்க."

"நான்தான் அம்மா," என்றாள் மிஷெல்.

கதவின் சதுரக் கண்ணாடி வழியாக சுகுமாறன் உள்ளே பார்த்தான். குழாய்களுக்கு நடுவே பிள்ளை அசையாமல் கிடந்தான். பக்கத்து நாற்காலியில், வருகிறவர்களுக்குப் போட்டுவிடும் பச்சை அங்கி ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

அதற்குள் ஆள் இல்லை.

அங்கி மெல்லக் கதவுப் பக்கம் திரும்பியது. அதன் வெற்றுச் சட்டைக்கை ஒன்று உயர்ந்து, வாய் இருக்கவேண்டிய இடத்துக்கு நேராக நின்றது.

சத்தம் போடாதே, பிள்ளை தூங்குகிறான்.