இருமல் குமிழி

காலையில் பட்டறைக்குள் போனதும் முதல் வேலை சவரியின் சளியை எடுப்பது. ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சினால் மஞ்சளாக ஒரு கரண்டி வரும். பிறகு உப்புநீர் ஆவி காட்டி, உடம்புச் சூடு ஏறியதா என்று பார்த்து, வாய்ப்பகுதியைத் துடைத்து ஊதுகுழலை மாட்டுவேன். சவரிராஜ் என் கணவர். அவர் இறந்து ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது.

பெட்டிக்குள் அவருடைய நுரையீரல் மட்டும் இருந்தது. கம்பெனி அதைச் சுவாசப்பேழை என்றது. பம்ப் இழுக்கும்போது மேல் வால்வு வழியாக அறைக்காற்று உள்ளே போகும். தள்ளும்போது அந்த மூச்சு ஊதுகுழலில் இறங்கி, நான் உருட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிக் குழம்பை உப்பவைக்கும். அவர் ஊத நான் உருட்டுவது எங்களுக்குப் பழைய வழக்கம்தான்.

இயந்திரங்கள் குறையே இல்லாத கண்ணாடி செய்யத் தொடங்கிய பிறகு, மக்களுக்கு ஊதிய கண்ணாடிமேல் பைத்தியம் பிடித்தது. மனித மூச்சில் ஊதியதற்கு மட்டுமே அரசு முத்திரை. உயிருள்ள நுரையீரல் வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. ஆளும் உயிரோடு இருக்கவேண்டும் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. அவர் உலைமுன் மாரடைத்துச் சரிந்தபோது, டாக்டருக்கு முன்னால் கம்பெனி வண்டி வந்தது. நெஞ்சில் பஞ்சடைத்த உடம்பைத்தான் எனக்குக் கொடுத்தார்கள்.

பெட்டி சில நேரம் இருமும். கண்ணாடியில் பொடிக்குமிழிகள் சிதறும். அதற்கு இருமல் குமிழி என்று பெயர் வைத்துத் தனி அலமாரியில் விற்றார்கள். பார்வையாளர்கள் வால்வில் மூக்கை வைத்து, “கிராம்பு வாசனை வருது” என்று பூரிப்பார்கள். சவரி எப்போதும் கிராம்பு மெல்லுவார். அவர்கள் போனதும் வால்வைத் துடைத்துவைப்பேன்.

மேலாளர் ஹரிகேஷிடம் கேட்டேன். “சார், கல்லறையில அவர்கூட வைக்கணும். குடுத்துடுங்க.”

“உயிரோட இருக்கறதைப் புதைப்பீங்களாக்கா? பாவமில்ல?”

“அப்போ எப்பத்தான் குடுப்பீங்க?”

“நின்னுபோச்சுன்னா உங்களுது, அன்னிக்கே எடுத்துட்டுப் போங்க. ஆனா நம்மாளு கில்லாடி. நீங்க ரிட்டையர் ஆனாலும் அவரு ஊதுவாரு.” சிரித்தான்.

புதிதாகச் சேருகிறவர்களைச் சவரி மிரட்டுவது நினைவுக்கு வந்தது. “குழலை வாயில வெச்சுக்கிட்டு மூச்சை இழுத்தே, நெஞ்சு வெந்துடும் தம்பி. உன்னைக் குழம்புலதான் போடணும்.”

அன்று பார்வையாளர் கூட்டம் அதிகம். பெரிய உருண்டையாகக் குழம்பு எடுத்து ஊதவிட்டேன். நன்றாக உப்பியதும் மேல் வால்வைக் கட்டைவிரலால் அடைத்தேன். பம்ப் இழுத்தது. வேறு வழியில்லாமல் நுரையீரல் கண்ணாடிக்குள் இருந்த அனலை இழுத்தது. உருண்டை ஒடுங்கியது. விரலை எடுத்து ஊதவிட்டு, மறுபடி அடைத்தேன். இளஞ்சிவப்புச் சதை வெளுத்துக்கொண்டே வந்தது. கிராம்பு வாசனையோடு வெந்த கறி வாடை. ஒருமுறை இருமி நின்றுவிட்டது. கூட்டம் கைதட்டியது.

வால்வு சிக்கிக்கொண்டதாக ஹரிகேஷ் நம்பினான். நின்றுபோன நுரையீரலைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொடுத்தான். ஒடுங்கிய கண்ணாடியை மட்டும் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டான். அன்று மாலையே கல்லறையைத் திறந்து அவர் நெஞ்சருகே வைத்தேன்.

பிறகொரு நாள் கம்பெனிக் கடைக்குப் போனேன். காய்ந்த அத்திப்பழம் போன்ற அந்தக் கண்ணாடி வெல்வெட் துணிமேல் இருந்தது. கடைசி மூச்சு என்று பலகை. அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வரிசையில் நின்றவர்கள் அதன் வாயில் உதடு பதித்து உறிஞ்சினார்கள்.

உறிஞ்சிவிட்டுத் திரும்பிய ஒரு பெண்ணிடம், “அதுல ஒண்ணுமில்லம்மா. இருந்ததை அவரே திரும்ப இழுத்துக்கிட்டாரு” என்றேன்.

“இல்லையே ஆன்ட்டி. எனக்குக் கிராம்பு வந்துச்சே.” உதட்டை நக்கிக்கொண்டாள்.

கண்ணாடியின் விளிம்பில் அவள் எச்சில் மினுங்கியது. அடுத்தவர் அதைத் துடைக்காமலே வாயை வைத்தார்.