இருளாயிக்குத் திறந்த கண்

முகத்துக்கு முன்பே கண்கள் வந்துவிட்டன.

உடையப்பன் படம் கழுவும் தட்டை மெல்ல ஆட்டினான். மருந்தின் புளித்த நெடியும் தகரக் கூரையின் மதிய வெக்கையும் நெஞ்சை அடைத்தன. இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்தில், தட்டின் அடியில் கிடந்த தாளில் தலைமுடியோ புடவைக் கரையோ இன்னும் தெளியாதபோது, இரண்டு கண்கள் மட்டும் கரேலென்று திரண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவை இருளாயியின் கண்கள் அல்ல. தோட்டத் தொழிலாளர் லய வீட்டில் அவள் பிணத்தைக் குளிப்பாட்டி நாற்காலியில் சாய்த்த பிறகுதான் இவன் படமெடுத்தான்.

"அண்ணே, அம்மாவுக்கு வேற படமே இல்ல. கருமாதிக்கு மாட்டணும். கண்ண மட்டும் தொறந்து விட்ருங்கலா," என்று மகன் பத்துமலை கேட்டிருந்தான்.

புந்தோங் வட்டாரத்தில் செத்தவர்களுக்குக் கண் திறப்பதில் உடையப்பன் பேர்போனவன். படத்தில் மூடிய இமைமேல் தூரிகையால் கண் எழுதிவிடுவான். இந்த முறை சோம்பல். மனைவி நவமணியின் படத்திலிருந்து கண்களை வெட்டி இருளாயியின் இமைமேல் ஒட்டி, அதை மறுபடி படமெடுத்துவிட்டான்.

உயிரோடிருப்பவள் கண்.

"ஏங்க," முன்கடையிலிருந்து நவமணியின் குரல். "கண்ணு ஏன் இப்படி மங்குது? ஊசியில நூலு கோக்க முடியல."

"மத்தியானம் பூரா தூங்கினா அப்படித்தான். மூஞ்சியக் கழுவுலா."

"ஆமா, நான் தூங்குறேன். நீங்கதான் பொணத்தோட குடும்பம் நடத்துறீங்க."

சிரித்துக்கொண்டே குனிந்தவனுக்குச் சிரிப்பு நின்றுபோனது. நேராகப் பார்க்கும்படி ஒட்டிய கண்கள், குரல் வந்த சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தன.

தெருவில் பஸ் ஒன்று உறுமிப் போனது. தாளில் இமை ஒருமுறை மூடித் திறந்தது.

"கரண்டு போச்சா?" என்றாள் நவமணி.

அவன் தலைக்குமேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"பட்டப்பகல்ல ஏன் இவ்ளோ இருட்டு? ஏங்க!"

இடுக்கியால் தாளைத் தூக்கினான். அடுத்த தட்டில் ஹைப்போ. அதில் போட்டால் படம் நிலைத்துவிடும். கண்கள் என்றைக்கும் இருளாயியிடம்தான். போடாவிட்டால், வெளிச்சம் பட்டதும் தாள் முழுக்கக் கறுத்துவிடும். கண்களும்.

தாள் சொட்டியது. தினமும் காலையில் பக்கத்தில் விழிக்கும் கண்கள். அவனைத் தெரிந்த கண்கள். கெஞ்சின.

வெளியே நாற்காலி சரிந்தது. சுவரைத் தடவும் கை. வளையல் உரசும் ஓசை. நெருங்கியது.

இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வெளியே சிவப்பு பல்பு எரிந்தால் நவமணி தொடமாட்டாள். பல்பு தெரிந்தால்தானே.

"தொறக்காத! நவமணி, தொறக்காத!"

"எங்க இருக்கீங்க? பயமா இருக்குங்க..."

கதவு திறந்தது.

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வெயில் பாய்ந்தது. இமைகள் உள்வாங்கி ஒட்டிக் கிடக்க, கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள். இடுக்கியில் தாள் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. முடி. நெற்றி. கன்னம். கண்கள் மட்டும் அகல விரிந்து அவனையே பார்த்தன.

கறுப்பு இமையோரத்தைத் தொட்டபோது நவமணி அலறத் தொடங்கினாள்.